கொத்தனார் கரண்டி அதேதான், கல்தான் வேறு

நடுவர் அவர்களே, அவையோரே, எல்லாருக்கும் வணக்கம். இன்று வீடு கட்ட ஏற்றது செங்கல்லும் ஆற்று மணலுமா, மாற்றுப் பொருள்களா என்பது தலைப்பு. மாற்றுப் பொருள்களே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் தன் தாத்தா வீட்டைச் சொன்னார். சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்த காரைச் சுவர், சித்திரை வெயிலிலும் குளுகுளு திண்ணை. உண்மைதான், மறுக்கவே மாட்டேன், அந்த வீட்டைப் பார்த்தால் நானும் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் ஐயா, இன்று நாம் கட்டுவது அந்த வீடா? செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, மேலே கான்கிரீட் தளம். மே மாதம் இரவு பத்து மணிக்கு அந்தத் தளத்துக்குக் கீழே மொட்டை மாடிச் சூடு இறங்க இறங்கப் படுத்துக் கிடந்தவர்களைக் கேளுங்கள். தாத்தா வீட்டைக் காட்டி இந்த வீட்டுக்கு ஓட்டுக் கேட்பது நியாயமில்லை.

சரி, மணலுக்கு வருவோம். நான் திருச்சிக்காரன். ஆற்றில் மணல் கிடந்தால்தான் தண்ணீர் தங்கும், தண்ணீர் தங்கினால்தான் கரையோரக் கிணறு ஊறும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில், ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்துக் கட்டுமானத்தில், கொள்ளிடத்துப் பக்கம் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. வருஷக்கணக்காக மணல் அள்ளியதுதான் காரணம் என்று விவசாயிகள் சொன்னார்கள். அந்த உடைப்பைப் பார்த்த பிறகு ஒரு லோடு ஆற்று மணலுக்குச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பாறையை உடைத்துப் பொடித்துச் செய்யும் எம்-சாண்டுக்கும் மலையைத்தானே உடைக்கிறீர்கள் என்று கேட்பீர்கள். ஆமாம், அதுவும் இழப்புதான். அதனால்தான் மணலே அதிகம் கேட்காத கல்லைப் பற்றிப் பேசுகிறேன். ஏஏசி பிளாக் எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? அனல்மின் நிலையத்தில் மிஞ்சும் சாம்பலோடு சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்து கொஞ்சம் அலுமினியப் பொடி போட்டால், கலவை இட்லி மாவு மாதிரி பொங்கும். அதை வெட்டி ஆவியில் வேகவைத்தால் கல். உள்ளே முழுக்கக் காற்றறைகள், அதனால் வெயில் சுவரைத் தாண்டி வர நேரமாகும். நாலு அங்குலக் கனமுள்ள ஒரு கல் ஆறு செங்கல் இடத்தை அடைக்கும். ஆறு செங்கல் பதினெட்டு கிலோ வரும், இந்தக் கல் ஏழெட்டு கிலோதான். சுவர் பாரம் குறைந்தால் கம்பியும் குறையும், மாடிக்குத் தூக்கும் சித்தாள் அக்காவின் முதுகும் பிழைக்கும்.

என் வீட்டுச் சுவர் எழும்பியபோது அம்மா விரலை மடக்கித் தட்டிப் பார்த்து, "என்னப்பா, கட்டை மாதிரி சத்தம் வருது" என்றார். கொத்தனார் ஒன்றும் பேசாமல் ரம்பத்தை எடுத்து ஒரு கல்லை மரம் மாதிரி நேராக அறுத்து, ஜன்னல் மேல் வரும் லிண்டலுக்குக் கீழே இடைவெளியில் செருகினார். செங்கல்லாக இருந்தால் அந்த இடத்தில் பாதி உடைந்து குப்பைக்குப் போயிருக்கும்.

விரிசல் விடும் என்றார் எதிரணி நண்பர். எங்கள் வீட்டிலும் ஒரு சுவரில் விட்டது. அந்தச் சுவருக்கு மட்டும் பழைய வழக்கப்படி சிமெண்ட் கலவையைத் தடிமனாக வைத்துக் கட்டியிருந்தோம். இந்தக் கல்லுக்கென்று இருக்கும் பசைக் கலவையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் இழுத்துக் கட்டிய மற்ற சுவர்களில் ஒரு கோடுகூட இல்லை. ஆணி நிற்காது என்பதும் நிஜம், சுவரில் துளையிட்டுப் பிளக் செருகித்தான் திருகு ஏற்ற வேண்டும், அதைச் செய்துவிட்டால் அலமாரியே தொங்கும்.

இந்தக் கல் மட்டுமல்ல, வேறு மாற்று முறையிலும் பெரிய அளவில் வீடுகள் வந்துவிட்டன. சென்னை பெரும்பாக்கத்தில் கான்கிரீட்டைப் பாகம் பாகமாக முன்பே வார்த்துக் கொண்டுவந்து பூட்டிய 1,152 வீடுகளில் 2022 முதல் குடும்பங்கள் குடியேறியிருக்கின்றன.

அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். உங்கள் அடுத்த லோடு மணலை எந்த ஆற்றில் அள்ளப் போகிறீர்கள்? ஆற்றின் பேரைச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.