பெட்டி வைப்பதற்கு முன்

(பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் காகித மறுசுழற்சித் திட்டத்தைத் தொடங்கிய நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கடைசி வரிசைக்குப் பின்னால், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிற்கும் அக்காமார்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். தயவுசெய்து முன்னால் வந்து உட்காருங்கள். நான் பேசப்போவதே உங்கள் வேலையைப் பற்றித்தான்.

என் கையில் இருப்பது ஓர் அசைன்மென்ட். யாருடையது என்று தெரிய வேண்டாம் என்பதால் முதல் பக்கத்தை எடுத்துவிட்டேன். மொத்தம் 24 தாள். எல்லாமே ஒரு பக்கம் மட்டும் எழுதியது. திருப்பினால் பளிச்சென்று வெள்ளை. மேலே பிளாஸ்டிக் உறை, ஓரத்தில் ஸ்பைரல். மதிப்பெண் போட்டதும் துறை அலமாரிக்குப் போகும். அடுத்த வருடம் இடம் போதவில்லை என்று மூட்டையாகி வெளியே வரும்.

80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் கனமுள்ள ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். ஆக இது 120 கிராம். ஒரு செமஸ்டரில் ஆறு பாடம், பாடத்துக்கு இரண்டு அசைன்மென்ட் என்றால் ஒரு மாணவருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. 4,000 பேர் படிக்கும் வளாகத்தில் ஐந்தே முக்கால் டன். ரெக்கார்டு நோட்டு, விடைத்தாள், ஜெராக்ஸ், அலுவலகச் சுற்றறிக்கை எதையும் இதில் சேர்க்கவில்லை. இரண்டு பக்கமும் எழுதலாம் என்று துறைத் தலைவர்கள் ஒரு வரி அறிவித்தால் இதில் பாதி வராமலே போகும். மறுசுழற்சிக்கு முன்னால் செய்ய வேண்டியது அது. அதற்குச் செலவே கிடையாது.

பல்கலைக்கழகத்துக்கும் பழைய தாளுக்கும் உறவு புதிதல்ல. ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தவர் யுஸ்டுஸ் கிளாப்ரோத். அச்சடித்த தாளிலிருந்து மையை நீக்கி மறுபடி புதுத்தாள் செய்யும் வழியை 1774-இல் அவர் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அப்போது ஐரோப்பாவில் கந்தல் துணியிலிருந்துதான் தாள் செய்தார்கள். கந்தலுக்கோ பெரும் தட்டுப்பாடு. ஒரு சட்டப் பேராசிரியர் தன் மேசையில் குவிந்த தாளைப் பார்த்து இப்படி யோசித்திருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே மறுசுழற்சியை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தராசோடு வாசலுக்கே வரும் பழைய பேப்பர்காரரைத் தெரியாத தெரு இருக்கிறதா? கரூர் பக்கம் காகிதபுரத்தில் இருக்கும் அரசின் காகித ஆலை, கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்வதற்குப் பெயர்பெற்றது. 1984-இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலையில், பழைய தாளின் மையை நீக்கிக் கூழாக்கும் பிரிவும் பின்னால் வந்தது. வாங்குகிறவர் இருக்கிறார், அரைக்க ஆலை இருக்கிறது. நடுவில் அறுந்து கிடப்பது நம் வகுப்பறைக்கும் பேப்பர் கடைக்கும் இடைப்பட்ட சில நூறு அடிதான்.

அந்தச் சில நூறு அடியில் நான் ஒருமுறை தோற்றேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோடு சேர்ந்து நாற்பது பச்சைப் பெட்டிகள் வைத்தோம். விழா நடந்தது, படம் எடுத்தோம். இரண்டே மாதத்தில் ஒரு பெட்டிக்குள் கையை விட்டேன். பிசுபிசுப்பாக ஏதோ ஒட்டியது. சால்னா ஊறிய பார்சல் தாள். அதன் அடியில் டீ கப், வாழைப்பழத் தோல், நனைந்து கெட்டியான பரீட்சைத் தாள்கள். பேப்பர் கடை அண்ணன் ஒரு கட்டைத் தூக்கி மோந்து பார்த்தார். “சார், இது பேப்பர் இல்ல, குப்பை” என்று கீழே வைத்துவிட்டார்.

அன்று மாலை, அந்தத் தளத்தைப் பெருக்கும் அக்காவிடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “முன்னெல்லாம் கிளாஸுல கிடக்குற நல்ல பேப்பரை நாங்களே பொறுக்கி சாக்குல கட்டிப் போடுவோம் சார். மாசக் கடைசியில பஸ்ஸுக்கு ஆகும். நீங்க பெட்டி வச்சதும், அது காலேஜ் பேப்பர், தொடாதேன்னுட்டாங்க. பெட்டி நிறைஞ்சா யாரு தூக்குறதுன்னும் யாரும் சொல்லல” என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த மறுசுழற்சியை நிறுத்தி, அவர்கள் கைக்காசையும் பறித்து, அதற்குத் திட்டம் என்று பெயர் வைத்திருந்தோம்.

மறுபடி தொடங்கியபோது முதல் கூட்டம் நூலகப் படிக்கட்டுக்குக் கீழே, அவர்களோடு நடந்தது. காலை ஆறரைக்குப் பெருக்குவதால் பெட்டியைவிடச் சாக்குதான் வசதி என்றார்கள். வெள்ளைத்தாள், செய்தித்தாள், அட்டை என்று மூன்றாகப் பிரித்தால் விலை கூடும் என்று சொன்னதும் அவர்கள்தான். மழைத் தண்ணீர் தெறிக்காத இடத்தைக் காட்டியதும் அவர்களே. எடை போடும்போது ஒரு மாணவரும் ஓர் அக்காவும் நோட்டில் கையெழுத்து. பணம் முழுவதும் அவர்களுக்கு. அப்புறம் பெட்டிக்குள் டீ கப் விழவில்லை, ஏனென்றால் பெட்டியே இல்லை.

மாணவர்கள் ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். ஆலையில் தாளைத் தண்ணீரோடு சேர்த்துப் பெரிய தொட்டியில் கரைக்கிறார்கள். ஸ்டேப்ளர் பின் சல்லடையில் நின்றுவிடும். அதற்காக உட்கார்ந்து பிடுங்க வேண்டாம். கூழுக்குள் காற்றுக் குமிழிகளை விட்டால் மை குமிழோடு ஒட்டி மேலே நுரையாக வரும், வழித்து எடுப்பார்கள். ஆனால் எண்ணெய், தாள் உருவாகியிருக்கும் மெல்லிய நார் இழைக்குள் இறங்கிவிட்டால் அவ்வளவு சுலபமாகப் போகாது. மறுசுழற்சி செய்யும் ஒவ்வொரு முறையும் இழை குட்டையாகும். ஐந்து முதல் ஏழு முறைதான் அது தாங்கும். அந்த ஏழு பிறவியையும் ஒரு பரோட்டா பார்சல் முடித்துவிடும். உள்ளே மெழுகோ பிளாஸ்டிக்கோ பூசிய கப், கார்பன் தாள், கடையில் தரும் வழவழப்பான பில் ஆகியவையும் சாக்குக்குள் வேண்டாம்.

தேர்வுத் துறைக்கு ஒரு வேண்டுகோள். விடைத்தாளில் பதிவெண் இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது. அது பொட்டலம் மடிக்கப் போகக்கூடாது. பொடியாக நறுக்கினால் இழை அறுந்து விலை குறைகிறது. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும் கட்டோடு ஆலைக்கே அனுப்பி, தொட்டியில் விழும்வரை ஒருவர் உடன் நிற்பதுதான் சரி.

நிர்வாகத்துக்கு இது தயவு சார்ந்த விஷயம் அல்ல. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் பல்கலைக்கழகங்களை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பெருமளவில் கழிவு உருவாக்குவோர் என்றே சொல்லின. கழிவை உருவாகும் இடத்திலேயே பிரித்துத் தர வேண்டும் என்றும் சொல்லின.

இந்த மேசையில் நாடா கட்டிய ஒரு பெட்டி இருக்கிறது. அன்போடு செய்திருக்கிறீர்கள், ஆனால் இன்றைக்கு நான் அதைத் திறக்கப்போவதில்லை. திங்கட்கிழமை காலை ஆறரைக்கு, முதல் தளத்தில் பெருக்கத் தொடங்கும் நேரத்தில், உங்களில் பத்துப் பேர் வாருங்கள். நானும் வருகிறேன். சாக்கு எங்கே வைப்பது என்று முதலில் இந்த அக்காவிடம் கேட்போம்.