ஆஷ்வில் ஊரின் கோடைக் கச்சேரிகள்: ப்ளூகிராஸையும் ஓல்ட்-டைமையும் காதால் பிரித்தறிவது எப்படி

[காட்சி: ஆஷ்வில் நகரசபைக் கட்டடத்தின் எண்கோண இளஞ்சிவப்புக் கூரை. கேமரா இறங்க, பூங்காவும் மடக்கு நாற்காலிகளும் மேடையும் தெரிகின்றன.]

வணக்கம். அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலத்தில், ப்ளூ ரிட்ஜ் மலைகளுக்கு நடுவே இருக்கிறது ஆஷ்வில். கோடை வந்துவிட்டால் அங்கே சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, ஊர் மையத்திலுள்ள பேக் ஸ்கொயர் பூங்காவில் கச்சேரி களை கட்டும். டிக்கெட் கிடையாது. வாசிப்பவர்களுக்கும் ஆடுபவர்களுக்கும் சம்பளமும் கிடையாது. 'ஷிண்டிக் ஆன் தி கிரீன்' என்று பெயர், 1967-இல் ஆரம்பித்தது. ஜூலையும் ஆகஸ்டும்தான் முக்கியமான சீசன். நடுவில் சில சனிக்கிழமைகளில் கச்சேரி இருக்காது, அதனால் கிளம்பும் முன் அந்த வருடத்துத் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே இரண்டு வகை இசை கேட்கலாம். ஒன்று ப்ளூகிராஸ், இன்னொன்று ஓல்ட்-டைம். முதல் தடவை கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதே ஃபிடில் (நம் வயலின்தான்), அதே பான்ஜோ (தோல் போர்த்திய வட்ட உடலும் நீண்ட கழுத்தும் உள்ள தந்தி வாத்தியம்), அதே ஓட்டம். ஆனால் ப்ளூகிராஸ் எதிரே உட்கார்ந்து கேட்பவரைப் பார்த்து வாசிக்கிற இசை. ஓல்ட்-டைம், பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பவரையும் முன்னால் ஆடுபவரையும் பார்த்து வாசிக்கிற இசை. இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகக் காதில் விழும்.

[காட்சி: ஒரே மைக்கைச் சுற்றி ஐந்து கலைஞர்கள்.]

ப்ளூகிராஸை முதலில் எடுத்துக்கொள்வோம். இதைப் பல நூற்றாண்டு பழமையான மலைக் கிராமத்து இசை என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இது ரேடியோ வந்த பிறகு உருவான இசை. கென்டக்கி மாநிலத்தில் ரோசின் என்ற சிற்றூரில் 1911-இல் பிறந்த பில் மன்றோ, 1939-இல் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி ரேடியோ நிகழ்ச்சியில் சேர்ந்தார். அவர் கையில் மேண்டலின். கென்டக்கிக்கு 'ப்ளூகிராஸ் மாநிலம்' என்று செல்லப்பெயர் உண்டு. அதை வைத்துத்தான் தன் குழுவுக்கு 'ப்ளூ கிராஸ் பாய்ஸ்' என்று பெயர் சூட்டினார். பிற்பாடு அந்த இசைக்கே அது பெயராகிவிட்டது.

1945 டிசம்பரில் அந்தக் குழுவில் 21 வயதுப் பையன் ஒருவன் சேர்ந்தான். பெயர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ். இதே நார்த் கரோலினாக்காரர், க்ளீவ்லேண்ட் கவுன்டியில் பிறந்தவர். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று மூன்றிலும் பிக் (தந்தியை மீட்டும் விரலுறை) மாட்டிக்கொண்டு, ஒரு விரல் ஓயும் முன் அடுத்தது தந்தியைத் தொடும்படி அவர் பான்ஜோ வாசித்தார். இடைவெளியே விடாமல் கொட்டுகிற அந்த ஒலி கேட்டவர்களை அசர வைத்தது. மூன்று விரலால் வாசிப்பது அந்த வட்டாரத்தில் முன்பே இருந்ததுதான். ஆனால் அவர் கையில் அது முழுமை பெற்றது, ரேடியோ வழியாக நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. இன்று நீங்கள் கேட்கிற எந்த ப்ளூகிராஸ் குழுவிலும் பான்ஜோக்காரரின் வலது கையைப் பாருங்கள், அது ஸ்க்ரக்ஸ் போட்ட பாதையில்தான் ஓடும்.

மேடையில் இன்னொன்றையும் கவனியுங்கள். பாட்டின் ஒரு சரணம் முடிந்ததும் ஃபிடில்காரர் மைக்குக்கு முன்னால் வருவார். தன் முறையை வாசித்துவிட்டு விலகுவார், மேண்டலின் உள்ளே வரும். அப்புறம் பான்ஜோ. ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு முறை. தன் திறமையைக் காட்ட அதுதான் வாய்ப்பு. மற்றவர்கள் அந்த நேரத்தில் சத்தத்தைக் குறைத்துத் தாளம் மட்டும் பிடிப்பார்கள். அந்தக் குழுக்களில் டிரம்ஸ் இருக்காது. நிற்கவைத்து வாசிக்கும் பெரிய பாஸ் வாத்தியம் தாளத்தின் அடியில் விழ, மேண்டலின் அதற்கு எதிரடியில் 'சக்' என்று வெட்டும். டிரம்ஸ் இல்லாத குறையே தெரியாது. மேலே உச்சஸ்தாயியில் ஒரு குரல். சோகமான பாட்டையும் அந்த வேகத்தில்தான் பாடுவார்கள். எனக்கு ப்ளூகிராஸில் மிகவும் பிடித்தது இந்த முரண்தான்.

[காட்சி: மேடையிலிருந்து கேமரா விலகி, பூங்கா ஓரத்து மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருப்பவர்களிடம் போகிறது.]

சரி, இப்போது மேடையை விட்டு எழுந்து வாருங்கள். பூங்காவின் ஓரங்களில், மரத்தடியில், நடைபாதையில், ஐந்து பேர், எட்டுப் பேர் என்று வட்டம் போட்டு வாசித்துக்கொண்டிருப்பார்கள். இதை ஜாம் என்கிறார்கள். என்னைக் கேட்டால் ஷிண்டிக்கின் உயிர் மேடையில் இல்லை, இந்த வட்டங்களில்தான் இருக்கிறது. இவர்கள் வீட்டிலிருந்து வாத்தியத்தை எடுத்துவந்து சேர்ந்து வாசிக்காவிட்டால் மேடையில் ஏற ஆளே இருக்காது.

ஓல்ட்-டைம் வட்டத்தில் முறை போட்டுத் தனியாக வாசிப்பது கிடையாது. எல்லாரும் ஒரே மெட்டைச் சேர்ந்தே வாசிப்பார்கள். மெட்டுக்கு இரண்டு பகுதி. முதல் பகுதி இரண்டு தடவை, அடுத்த பகுதி இரண்டு தடவை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இப்படியே பத்து நிமிடம்கூடப் போகும். வெளியிலிருந்து கேட்டால் திரும்பத் திரும்ப ஒன்றையே வாசிக்கிறார்களே என்று தோன்றும். உள்ளே இருப்பவர்களுக்கு அப்படியில்லை. நாலாவது ஐந்தாவது சுற்றில்தான் வில்லும் பான்ஜோவும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். போதும் என்று தோன்றும்போது தொடங்கியவர் ஒரு காலைத் தூக்குவார். அதுதான் சைகை, அந்தச் சுற்றோடு எல்லாரும் நிறுத்துவார்கள்.

பான்ஜோவும் இங்கே வேறு. பிக் கிடையாது. கையை நகம்போல மடக்கி, விரல் நகத்தின் முதுகால் தந்தியைக் கீழ்நோக்கித் தட்ட வேண்டும். தட்டிய கையோடு கட்டைவிரல் குட்டையான ஐந்தாவது தந்தியை விடுவிக்கும். இதற்கு க்ளாஹாமர் என்று பெயர். அந்தக் குட்டைத் தந்திக்குப் பிரடை தலைப்பகுதியில் இல்லை, கழுத்தின் பாதியிலேயே பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும். அது எப்போதும் ஒரே சுரத்தில் ஒலித்துக்கொண்டே இருக்கும். ப்ளூகிராஸ் பான்ஜோவிலும் இதே தந்தி உண்டு, ஆனால் அங்கே வேகத்தில் கரைந்துவிடும். இங்கே தனியாகக் காதில் விழும்.

இந்தப் பாணியின் பெரிய வாத்தியார்களில் ஒருவர் டாமி ஜாரல். 1901-இல் பிறந்தவர். நார்த் கரோலினாவின் மவுன்ட் ஏரி ஊருக்குப் பக்கத்தில் டோஸ்ட் என்ற இடத்தில் வீடு. வாழ்நாளில் பெரும்பகுதி மாநில நெடுஞ்சாலைத் துறையில் ரோடு சமப்படுத்தும் இயந்திரம் ஓட்டினார். ஓய்வு பெற்ற பிறகு அவர் வீட்டுக்கு நாடு முழுவதிலுமிருந்து இளைஞர்கள் வந்து, தங்கி, கூட உட்கார்ந்து வாசித்துக் கற்றுக்கொண்டு போனார்கள். 1982-இல் அமெரிக்க அரசின் நேஷனல் ஹெரிடேஜ் விருது அவருக்குக் கிடைத்தது. 1985-இல் காலமானார். இன்று நீங்கள் பார்க்கிற எத்தனையோ வட்டங்களில் வாசிக்கிற மெட்டுகள் அவர் வீட்டுக் கூடத்திலிருந்து கிளம்பியவைதான்.

[காட்சி: சுரைக்குடுக்கையில் செய்த பழைய தந்தி வாத்தியம், பிறகு பான்ஜோ.]

பான்ஜோ எங்கிருந்து வந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இது வெள்ளைக்கார மலைவாசிகள் கண்டுபிடித்த வாத்தியம் இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட மக்கள் தங்கள் ஊர் வாத்தியங்களை நினைவில் வைத்து, சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திச் செய்ததுதான் இதன் தொடக்கம். செனகல், காம்பியா பகுதியில் ஜோலா மக்கள் வாசிக்கும் அகோன்டிங் என்ற வாத்தியத்தில் இன்றும் அதே மாதிரி குட்டைத் தந்தி இருக்கிறது, அதே மாதிரி நகத்தால் கீழ்நோக்கித் தட்டுகிறார்கள். ஃபிடில் ஐரோப்பாவிலிருந்து, குறிப்பாக ஸ்காட்லாந்து, அயர்லாந்து வழியாக மலைக்கு வந்தது. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் ஓல்ட்-டைம் பிறந்தது.

அப்படியானால் கறுப்பினக் கலைஞர்கள் ஏன் பழைய ரெக்கார்டுகளில் அவ்வளவாக இல்லை? 1920-களில் ரெக்கார்டு கம்பெனிகள் சந்தையை நிறத்தால் பிரித்தன. கறுப்பர்களின் பாட்டு ஒரு வரிசையில், வெள்ளையர்களின் மலைப்பாட்டு இன்னொரு வரிசையில். ஃபிடிலும் பான்ஜோவும் வெள்ளையர் வரிசைக்குப் போய்விட, வாசித்த மற்றவர்கள் விடுபட்டுப்போனார்கள். ஆஷ்வில்லுக்கு வடக்கே பர்ன்ஸ்வில்லில் பிறந்த லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர், கார்ட்டர் ஃபேமிலி என்ற புகழ்பெற்ற பாட்டுக் குழுவின் ஏ.பி. கார்ட்டரோடு ஊர் ஊராகப் பாட்டு சேகரிக்கப் போனவர். கார்ட்டர் பெயர் உலகத்துக்கே தெரியும், ரிடில் பெயர் பல காலம் யாருக்கும் தெரியாது. இதை விட்டுவிட்டு இந்த இசையின் கதையைச் சொல்வது நியாயமாகாது.

நல்லவேளை, நூல் முழுக்க அறுந்துவிடவில்லை. நார்த் கரோலினாவின் மெபேன் ஊரில் ஜோ தாம்ப்சன் என்ற கறுப்பின ஃபிடில் கலைஞர் இருந்தார். 2005-இல் பூன் ஊரில் நடந்த கறுப்பின பான்ஜோ கலைஞர்களின் கூடுகையில் சந்தித்துக்கொண்ட ரியானன் கிடன்ஸ் என்ற பாடகியும் நண்பர்களும் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். கரோலினா சாக்லேட் ட்ராப்ஸ் என்ற அவர்களுடைய குழு 2011-இல் கிராமி வாங்கியது. தாம்ப்சன் அதைப் பார்த்துவிட்டு, 2012-இல் தன் 93-ஆவது வயதில் மறைந்தார்.

[காட்சி: மேடைக்கு மேலே உள்ள பெயர்ப்பலகை. பிறகு ஆடுபவர்களின் கால்கள்.]

ஷிண்டிக் நடக்கிற மேடைக்கு பாஸ்கம் லாமர் லன்ஸ்ஃபோர்ட் என்பவரின் பெயர். 1882-இல் பிறந்தவர். வக்கீல், வாத்தியார், பழமரக் கன்றுகள் விற்பவர் என்று பல வேலை பார்த்தவர். எங்கே போனாலும் வீடு வீடாகப் பாட்டு கேட்டுச் சேகரித்தார். 1928-இல் ஆஷ்வில்லில் அவர் தொடங்கிய மவுன்டன் டான்ஸ் அண்ட் ஃபோக் ஃபெஸ்டிவல் இன்றும் ஆகஸ்ட் தொடக்கத்தில் நடக்கிறது. மலைவாசிகள் என்றாலே படிப்பறிவில்லாதவர்கள் என்று ஊடகங்கள் கேலி செய்த காலம் அது. அவர் வெள்ளைச் சட்டை கோட்டில் மேடையேறி, தன் கலைஞர்களையும் மரியாதையாக உடுத்தி வரச் சொன்னார். 1939-இல் சோகோ கேப் ஆட்டக் குழுவை வெள்ளை மாளிகைக்கே கூட்டிப்போய், பிரிட்டிஷ் அரசர், அரசி முன்னால் ஆட வைத்தார்.

ஆட்டத்தைத் தவறவிடாதீர்கள். பாதம் தரையைவிட்டு அதிகம் எழும்பாமல், முட்டியைத் தளர்வாக வைத்து, தாளத்தைக் காலாலேயே வாசிப்பதற்கு பக் டான்ஸ் என்று பெயர். தனி ஆள் ஆடுவது. க்ளாகிங் என்றால் குழுவாக, ஷூவில் உலோகத் தகடு பதித்துக்கொண்டு ஆடுவார்கள். பெரிய வட்டமாகக் கைகோத்து ஆடும்போது ஒருவர் குரல் கொடுத்து நடத்துவார், பார்க்க வந்தவர்களும் சேர்ந்துகொள்ளலாம்.

[காட்சி: வரைபடம். ஆஷ்வில், ஹில்டன்ஸ், கேலக்ஸ், ஃப்ளாய்ட்.]

ஆஷ்வில்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. வர்ஜீனியாவின் ஹில்டன்ஸில் ஏ.பி. கார்ட்டரின் மகள் ஜேனட் 1974-இல் அப்பாவின் பழைய மளிகைக் கடையில் தொடங்கிய சனிக்கிழமைக் கச்சேரி கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்டு. அங்கே மின்சார வாத்தியம் கூடாது என்பது கண்டிப்பு. புகழ்பெற்ற கன்ட்ரி பாடகர் ஜானி கேஷுக்கு மட்டும் விலக்கு தந்தார்கள். அவர் கடைசியாக மக்கள் முன்னால் பாடியதும் அங்கேதான், 2003 ஜூலை 5 அன்று. கேலக்ஸ் ஊரில் 1935 முதல் ஆகஸ்டில் ஓல்ட் ஃபிடில்லர்ஸ் கன்வென்ஷன். ஃப்ளாய்ட் ஊரின் பழைய கடையில் வெள்ளிக்கிழமை இரவுகளில், முதலில் பக்திப் பாட்டு, அப்புறம் ஆட்டம்.

நார்த் கரோலினாவின் சார்லட் நகரில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஆஷ்வில் காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், ராலே பக்கத்திலிருந்து நாலு மணி நேரம். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அந்த வட்டாரத்தைப் புரட்டிப்போட்டது. குழாயில் குடிக்கிற தண்ணீர் திரும்ப நவம்பர் ஆயிற்று. மலைப்பாதைகள் சில இடங்களில் வெகுநாள் மூடிக் கிடந்தன. ப்ளூ ரிட்ஜ் பார்க்வே வழியாகப் போகிற எண்ணம் இருந்தால் முதலில் ரோடு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர்கள் முன்னால் இருக்கும் இடத்தை அடைக்காமல் உட்காருங்கள்.

[காட்சி: மார்பில் சாய்த்துப் பிடித்த ஃபிடில். தந்திகள் நெருக்கமாக.]

கடைசியாக, வீட்டில் கர்நாடக வயலின் கற்கிற பிள்ளை இருந்தால் இது உங்களுக்கு. ஓல்ட்-டைம் ஃபிடில்காரர்கள் பலர் 'ஏ' சுரத்து மெட்டுகளுக்குத் தந்திகளை ஏ, ஈ, ஏ, ஈ என்று மாற்றிக் கூட்டிக்கொள்வார்கள். நம் கணக்கில் இது அப்படியே ச, ப, ச, ப. சுருதி ஆறு கட்டை. வில் போடும்போது பக்கத்துத் தந்தியையும் சேர்த்துத் தொட்டு சுருதியாக ஒலிக்க விடுவார்கள். வாத்தியத்தைத் தாடையில் இடுக்காமல் மார்பில் சாய்த்துக்கொள்கிற பழைய ஆட்களும் உண்டு. ஆக, பிள்ளையின் காதுக்கு இந்த வட்டம் அந்நியமாக இருக்காது.

வயலினையும் எடுத்துக்கொண்டு போங்கள். வட்டத்துக்கு வெளியே, ஃபிடில்காரருக்குப் பின்னால் நின்று முதலில் இரண்டு மூன்று சுற்று கேட்கட்டும். மெட்டு முடிந்ததும் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுப்பார்கள். மெட்டு தெரியாவிட்டால் மெதுவாக ச-வையும் ப-வையும் மட்டும் பிடித்தால் போதும். ப்ளூகிராஸ் வட்டம் என்றால் பிள்ளையின் முறை வரும்போது ஒருவர் தலையசைப்பார். வாசிக்கத் தயாரில்லை என்றால் பிள்ளையும் தலையசைத்து அடுத்தவருக்கு விட்டுவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கால் ஒன்று மேலே எழும்புகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.