உப்பு மண்ணில் ஒலிவ் மரம்! திருகோணமலையில் நட்டால் என்ன நடக்கும்?

[திரையில்: நிலாவெளி உப்பளம், உச்சி வெயில்]

வணக்கம் மக்களே! எனக்குப் பின்னால் தெரிவது நிலாவெளி உப்பளம். இதற்குள் ஒலிவ் மரம் வளருமா என்று கேட்டால், வளராது. ஆனால் கொஞ்சம் தள்ளி, கிணற்றுத் தண்ணீர் சவராகிப்போய் வெங்காயச் செய்கையைக் கைவிட்ட ஒரு தோட்டம் இருக்கிறது என்று வையுங்கள். அங்கே ஒலிவ் வளரும். பச்சைப் பசேலென்று வளரும். ஆனால் காய்க்கும் என்று நம்பி இருந்தால் ஏமாந்து போவீர்கள். உப்பைத் தாங்குகிற மரம் ஏன் காய்க்காது? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஒலிவ் மத்தியதரைக் கடலோர நாடுகளின் மரம், எண்ணெய்க்காக வளர்க்கிறார்கள், பல நூறு வருடம் நிற்கும். வரலாறு இவ்வளவு போதும், விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: ஒரு லீற்றர் போத்தல், தேக்கரண்டி, உப்பு]

மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள உப்பை டெசிசீமன்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். உப்புக் கூடக் கூட மின்சாரம் இலகுவாகப் பாயும், அதை அளக்கிறார்கள், அவ்வளவுதான். மண்ணில் இது 1.2 ஐத் தாண்டினாலே வெங்காயத்தின் விளைச்சல் குறையத் தொடங்கும். மிளகாய்க்கு 1.5. போஞ்சி பாவம், 1 க்கு மேல் தாங்காது. ஆனால் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் பார்னேயா என்ற ஒலிவ் ரகத்துக்கு 4.2 அளவுள்ள சவர் தண்ணீரைச் சொட்டு நீர்ப்பாசனத்தில் விட்டே அறுவடை எடுத்திருக்கிறார்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் சுமார் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்தால் என்ன வருமோ, அதுதான் அந்தத் தண்ணீர். இதைக் கேட்டுவிட்டுக் கடல் தண்ணீரை வாளியில் அள்ளிக்கொண்டு ஓடாதீர்கள். அதில் ஒரு லீற்றருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. எந்த ஒலிவும் தப்பாது.

[திரையில்: இரண்டு ஒலிவ் கன்றுகள், ஒன்றின் இலை நுனி கருகியிருக்கிறது]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எல்லா ஒலிவும் உப்பைத் தாங்காது! இத்தாலியின் இரண்டு ரகங்களை எடுங்கள்: பிராந்தோயோ, லெச்சினோ. இரண்டுக்கும் ஒரே மண், ஒரே சவர் தண்ணீர். பிராந்தோயோ சமாளிக்கும், லெச்சினோ வாடும். காரணம் வேரில் இருக்கிறது. பிராந்தோயோவின் வேர், கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற கறாரான பெரியப்பா மாதிரி. உப்பில் இருக்கிற சோடியம் வந்தால், "தம்பி யார்? எந்தப் பகுதி?" என்று கேட்டு வாசலிலேயே நிறுத்திவிடும். பொட்டாசியம் வந்தால் உள்ளே போக விடும், அது சொந்தக்காரன். லெச்சினோ எல்லோரையும் "வாங்கோ வாங்கோ" என்று பந்தி வரைக்கும் கூட்டிப்போய் உட்கார வைத்துவிடும். சோடியமும் குளோரைட்டும் இலையில் போய்ச் சேரும். பிறகு இலை நுனி கருகும், உதிரும், வளர்ச்சி நிற்கும். கிரேக்கத்தின் கலமாட்டா ரகமும் கறாரான பெரியப்பாக்கள் பக்கம்தான்.

அந்தப் பெரியப்பாவுக்குக் கல்சியம் நல்ல துணை. அது போதிய அளவு இருந்தால் வேர் சோடியத்தை இன்னும் நன்றாகத் தடுக்கும். சவர் மண்ணுக்குக் கல்சியம் உள்ள ஜிப்சம் போடுவதில் இந்த நன்மையும் இருக்கிறது. இன்னொன்று: சவர் தண்ணீர் விடுகிறவர்கள் அவ்வப்போது கொஞ்சம் கூடுதலாகவே விட்டு, வேரடியில் சேர்ந்த உப்பைக் கீழே கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது சேர்ந்துகொண்டே போகும். நமக்கு அந்த வேலையில் பாதியை மாரி மழை இலவசமாகச் செய்து தருகிறது. ஆனால் அதே மழையில் தண்ணீர் தேங்கி நின்றால் ஒலிவ் வேர் அழுகிவிடும்.

சரி, அப்படியென்றால் நட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். ஒலிவ் பூக்க வேண்டுமென்றால் குளிர்காலம் வேண்டும். பல வாரங்களுக்கு இரவு நன்றாகக் குளிர வேண்டும், அப்போதுதான் மொட்டு உருவாகும். ராஜஸ்தான் பாலைவனத்தில், பிகானேர் பக்கம் லூன்கரன்சரில் ஒலிவ் காய்க்கிறது, 2014 இல் எண்ணெய் ஆலையே திறந்தார்கள். அங்கே கோடை கொதிக்கும், ஆனால் ஜனவரி இரவில் பல்லுக் கிட்டும். திருகோணமலையில் ஜனவரி இரவிலும் 24 பாகை செல்சியஸ் வரைதான் இறங்கும். நாங்கள் அதற்கே போர்வை தேடுவோம், ஒலிவ் அதைக் குளிர் என்று கணக்கிலேயே எடுக்காது.

இதில் ஒரு வேடிக்கை தெரியுமா? ஒலிவும் நம் மல்லிகையும் ஒரே தாவரக் குடும்பம்! பவளமல்லியும் அதே குடும்பம்தான். ஒலிவ் பூவை நெருங்கிப் பாருங்கள், சின்னதாய், வெள்ளையாய், நான்கு இதழோடு இருக்கும். கோணேசர் கோயிலுக்கு மாலை கட்டுகிற மல்லிகை இந்த வெயிலில் அள்ளிப் பூக்கிறது, அதன் சொந்தக்காரனுக்குக் குளிர் வேண்டுமாம். எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் தெரிகிறது.

ஆகவே அழகுக்கு முற்றத்தில் ஒன்று வைப்பதாக இருந்தால் வையுங்கள், பிராந்தோயோவா என்று கேட்டு வாங்குங்கள். வருமானம் வேண்டுமென்றால் என் ஓட்டு சப்போடில்லாவுக்கு. அது உப்பையும் தாங்கும், குளிரும் கேட்காது. தென்னை இருக்கவே இருக்கிறது. எதை நடுவதற்கு முன்பும் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்து, மின்கடத்துதிறன், அதாவது அந்த டெசிசீமன்ஸ் எண், எத்தனை என்று கேட்டு வையுங்கள். மாரிக்குப் பிறகு ஒருமுறை, கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் இன்னொரு முறை, ஏனென்றால் இரண்டும் ஒன்றாக இருக்காது. கிண்ணியா, மூதூர், குச்சவெளி ஆட்கள் அந்த எண்ணை ஊர்ப் பெயரோடு கமெண்டில் போடுங்கள், எந்த ஊர்க் கிணறு அதிகம் சவர் என்று அடுத்த வீடியோவில் வரிசைப்படுத்துவோம். சண்டை பிடிக்கக் கூடாது!