ஒன்றே ஒன்றுதான் என்றால், முள்ளும் மலரும்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

'வாழ்நாளுக்கும் பிடித்த படம் என்று ஒன்றே ஒன்றைச் சொல்ல முடியுமா, முடியாதா?' இதுதான் தலைப்பு. முடியும் என்று சொல்ல வந்திருக்கிறேன். முடியும் முடியும் என்று பொதுவாகப் பேசிவிட்டு உட்கார்ந்துவிட எனக்கு விருப்பமில்லை. என் படத்தின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'முள்ளும் மலரும்'. 1978 ஆகஸ்ட் 15-ல் வந்தது. மகேந்திரன் இயக்கிய முதல் படம்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "பாசமலர் பார்த்து அழுதேன், காதலிக்க நேரமில்லை பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன், நாயகன் பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். எதை எடுப்பது, எதை விடுவது? கல்யாணப் பந்தியில் இலை நிறையப் பரிமாறிவிட்டு, ஒன்றை மட்டும் தொட்டுக்கொள் என்றால் நியாயமா?" என்று கேட்டார். கைதட்டல் விழுந்தது. நானும் தட்டினேன்.

அவருக்கு அடுத்து வந்த சகோதரி லண்டனுக்கே போய்விட்டார். 'சைட் அண்ட் சவுண்ட்' என்கிற சினிமா பத்திரிகை 1952-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒரு முறை விமர்சகர்களிடம் ஓட்டு வாங்குகிறது. முதலில் 'பைசிக்கிள் தீவ்ஸ்' ஜெயித்தது, அப்புறம் ஐந்து முறை 'சிட்டிசன் கேன்', 2012-ல் 'வெர்டிகோ', 2022-ல் 'ஜான் டீல்மன்'. "உலகம் முழுக்க இருக்கிற விமர்சகர்களாலேயே ஒன்றில் நிற்க முடியவில்லை, உங்களால் முடியுமா?" என்று கேட்டார்.

சகோதரி சொன்ன கணக்கு சரி. ஆனால் அந்தப் பத்திரிகை ஆளுக்குப் பத்துப் படம் எழுதித் தரச் சொல்லி, எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கிறது. அது சிறந்த படத்துக்கான தேர்தல். எது சிறந்த படம் என்று கேட்டால் நானும் தடுமாறுவேன், அதற்கு ஒரு சபை கூட வேண்டும். நம்முடைய தலைப்பில் இருக்கிற சொல் 'பிடித்த'. அதைச் சொல்ல நான் ஒருத்தி போதும்.

பந்திக்கு வருகிறேன். பந்தியில் எல்லாவற்றையும்தான் சாப்பிடுகிறோம். அதே ஆள் காய்ச்சலில் நாலு நாள் படுத்து, நாக்குச் செத்து, வாய் கசந்து கிடக்கும்போது என்ன வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். அம்மா வைக்கிற மிளகு ரசம் என்பார். கொஞ்சம்கூட யோசிக்க மாட்டார். எனக்கு அந்த மாதிரி ஒரு படம் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கிறது, இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எதிரணியின் பெரிய ஆயுதம், 'ரசனை வயதுக்கு வயது மாறும்' என்பது. உண்மை, மாறும். பத்து வயதில் உயிரென்று நினைத்த எத்தனையோ படங்களை இன்றைக்கு என்னால் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. அத்தனை தடவை மாறின பிறகும் ஒரு படம் கூடவே வருகிறது என்றால், அதைத்தானே நடுவர் அவர்களே வாழ்நாள் படம் என்று சொல்ல வேண்டும்? மாறாத மனசு இருந்தால் எந்தப் படம் வேண்டுமானாலும் நிற்கும். மாறுகிற மனசில் நிற்கிறது பாருங்கள், அதுதான் என் கட்சிக்குச் சாட்சி.

முதல் முறை பார்த்தபோது எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸ். தரை டிக்கெட். முன்னால் உட்கார்ந்தவர் தலை மறைக்கிறது என்று என் அண்ணன் இரண்டு கையாலும் மணலைக் கூட்டிக் கூட்டி ஒரு மேடு செய்து, மேலே தன் துண்டை விரித்து என்னை உட்கார வைத்தார். ரீல் மாற்ற இடைவேளை விடும்போதெல்லாம் முறுக்குக்காரர் வருவார். அன்றைக்கு எனக்குக் காளிதான் எல்லாம். மலைமேல் கம்பியால் இழுத்து ஏற்றுகிற விஞ்சை இயக்குகிறவன், அப்பா அம்மா இல்லாத வீட்டில் தங்கையைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறவன், யாருக்கும் தலை குனியாதவன். அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கிற அந்த இன்ஜினியர் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தவன்மேல் லாரி ஏறி ஒரு கை போனபோது, அந்த இன்ஜினியரால்தான் போச்சு என்று அண்ணன் தோளில் முகம் புதைத்து அழுதேன்.

இரண்டாவது முறை பார்த்தபோது இருபத்து மூன்று வயது. அதற்குள் எங்கள் வீட்டில் நிறைய நடந்துவிட்டது. அப்பா தவறிவிட்டார். அண்ணன் படிப்பை விட்டு லேத் பட்டறைக்குப் போய், அந்தச் சம்பளத்தில் என்னைக் காலேஜுக்கு அனுப்பினார். நான் வேலைக்குப் போன இடத்தில் ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று வந்து நின்றேன். அண்ணன் திட்டவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே வீடு, ஒரே சமையல், தட்டு வைப்பேன், சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். ஒரு வருஷம் அப்படி.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் இந்தப் படத்தைப் போட்டார்கள். அதே படம்தான், ஆனால் இந்த முறை நான் வள்ளி, அந்த இன்ஜினியரைக் கட்டிக்கொள்ள விரும்புகிற காளியின் தங்கை. ஒன்பது வயதில் வில்லனாகத் தெரிந்த இன்ஜினியர் கண்ணியமான மனிதராக இருந்தார். தன் வேலையைத்தான் செய்திருக்கிறார். நான் தலையில் வைத்து ஆடிய காளி, வறட்டுப் பிடிவாதத்தில் தங்கையை இன்னொருவருக்குக் கட்டிவைக்கத் துணிகிறான். அவனுடைய பாசத்துக்குள் எவ்வளவு கர்வம் இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்தார். உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். அண்ணன் தங்கை கதை தமிழ் சினிமாவுக்குப் புதிதில்லை. எதிரணித் தலைவர் சொன்ன பாசமலரே 1961-ல் வந்துவிட்டது. அதை நானும் அழுதுகொண்டுதான் பார்த்தேன். ஆனால் அங்கே பாசம் பெரிதென்று காட்ட அண்ணனும் தங்கையும் செத்துப்போக வேண்டியிருக்கிறது. மகேந்திரன் இருவரையும் உயிரோடு விடுகிறார். உயிரோடு இருந்து ஒருவரை ஒருவர் பொறுத்துப் போவது சாவதைவிடக் கஷ்டமான காரியம். அதைத்தான் அந்தக் கடைசிக் காட்சி காட்டுகிறது.

எல்லோரும் காளியை விட்டுவிட்டு, வள்ளியை அழைத்துக்கொண்டு இன்ஜினியரோடு அவளுக்குக் கல்யாணம் செய்துவைக்கப் புறப்படுகிறார்கள். காளியின் மனைவி மங்கா உட்பட. வழியில் தனியாக நிற்கிற அண்ணனைப் பார்த்துவிட்டு வள்ளி போக முடியாமல் திரும்பி ஓடி வந்து அவனைக் கட்டிக்கொள்கிறாள். அது போதும் அவனுக்கு. என் தங்கைக்கு என்னைவிடப் பெரிசு எதுவும் இல்லை என்று நிமிர்ந்து நிற்கிறான். அப்புறம் அவனே அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் இன்ஜினியரிடம் ஒப்படைக்கிறான். ஒப்படைத்துவிட்டுச் சொல்கிறான், இப்பவும் எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்று.

நடுவர் அவர்களே, 1978-ல் ஒரு கதாநாயகன் படம் முடிகிற இடத்தில் இப்படிச் சொல்கிறான். வழக்கமான படம் என்றால் அங்கே காளி திருந்தியிருப்பான், மாப்பிள்ளை காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பான், எல்லோரும் சேர்ந்து போட்டோவுக்கு நின்றிருப்பார்கள். இவன் தங்கையைக் கொடுக்கிறான், தன் மனசைப் பொய்யாக மாற்றிக் காட்ட மறுக்கிறான். நம் வீடுகளில் நடப்பது இதுதானே?

அந்தப் படம் உருவான விதத்தையும் சொல்லவேண்டும். உமாசந்திரன் எழுதிய நாவலை எடுத்துக்கொண்டு, மகேந்திரன் சினிமாவுக்கு ஏற்றபடி தன் வழியில் மாற்றினார். வசனகர்த்தாவாகப் பேர் வாங்கியவர் அவர். இயக்க வந்ததும் முதல் வேலையாக வசனத்தைக் குறைத்தார். ரஜினிகாந்த் நடிக்க வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. வில்லனாகத் தெரிந்த முகம் என்று தயாரிப்பாளர் தயங்கினார். காளி என்றால் ரஜினிதான் என்று மகேந்திரன் பிடிவாதமாக நின்றார். ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. தமிழில் அவர் கேமரா பிடித்த முதல் படம். அந்த மலையும் பனியும் சாயங்கால வெளிச்சமும் செட் போட்டு வந்ததில்லை. 'செந்தாழம்பூவில்' பாட்டை எடுக்கப் பணம் இல்லாமல் நின்றபோது, படத்தில் நடிக்காத கமல்ஹாசன் உதவி செய்து எடுக்க வைத்தார் என்று மகேந்திரனே நன்றியோடு சொல்லியிருக்கிறார். ஜீப் மலைப்பாதையில் போய்க்கொண்டே இருக்கும், ஜேசுதாஸ் பாடுவார், இளையராஜா நம்மைக் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போவார். அந்தப் பாட்டு இல்லாத 'முள்ளும் மலரும்' படத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வள்ளியாக நடித்த ஷோபாவைச் சொல்லாமல் போனால் பாவம் வந்து சேரும். வள்ளி அதிகம் பேச மாட்டாள். அண்ணன் எது செய்தாலும் அவள் கண் மட்டும் கொஞ்சம் தாழும், கொஞ்சம் நிமிரும். அதில் எல்லாம் தெரியும். படம் வந்து இரண்டே வருஷத்தில், 1980-ல், அந்தப் பெண் போய்விட்டார். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு அந்த நினைப்பு வந்துவிடுகிறது.

இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன். போன வருஷம் மறுபடி பார்த்தேன். இந்த முறை என் கண் மங்கா மேலேயே இருந்தது. ஃபடாபட் ஜெயலட்சுமி. ருசியாகச் சாப்பிட ஆசைப்பட்டு, நெல்லுச் சோறையும் மீன்குழம்பையும் பாட்டாகவே பாடுகிற பெண். அவளைச் சின்ன வயதில் சிரிப்புக்கு வந்த பாத்திரமாகத்தான் நினைத்திருந்தேன். புருஷனை விட்டுக்கொடுக்காமலும், அவன் தப்பு செய்தால் நாத்தனார் பக்கம் எழுந்து நிற்கவும் தெரிந்தவள் அவள். அந்த வீட்டில் நியாயம் பேசியது அவள் ஒருத்திதான். இதைப் பார்க்க எனக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

எதிரணியினரே, ரசனை மாறுகிறது என்றீர்கள். ஒன்பது வயதில் காளி, இருபத்து மூன்றில் வள்ளி, ஐம்பதுக்கு மேல் மங்கா. நான் மாறிக்கொண்டேதான் இருந்தேன். மாறிப் போன ஒவ்வொரு முறையும் அந்தப் படத்துக்குள் எனக்கு ஓர் இடம் காலியாக இருந்தது.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. ரஜினிகாந்தை அறிமுகப்படுத்தியவர் கே. பாலசந்தர். அந்தக் குருநாதரே அவரிடம், உனக்குப் பிடித்த இயக்குநர் யார் என்று கேட்டார். நூற்றைம்பது படத்துக்கு மேல் நடித்தவர், கேட்கிறவர் குரு. எல்லோரையும் பிடிக்கும் என்று நழுவியிருக்கலாம், எதிரணி மாதிரி. மகேந்திரன் என்று சொன்னார். ஒரு பெயர்தான். அதனால் மற்றவர்கள் யாருக்கும் மரியாதை குறைந்துவிடவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். ஒரு நிமிஷம் கொடுங்கள் நடுவர் அவர்களே, என் அண்ணன் கதை பாதியில் நிற்கிறது.

என் கல்யாணம் ஒரு சின்னக் கோயிலில் நடந்தது. அண்ணன் வர மாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தாலி கட்டுகிற நேரத்தில் தூணுக்குப் பக்கத்தில் பட்டறைச் சட்டையோடு நின்றிருந்தார். முடிந்ததும் வந்து ஒரு மஞ்சப்பையை என் கையில் வைத்தார். உள்ளே அம்மாவுடைய வெள்ளிக் குங்குமச்சிமிழ். என் வீட்டுக்காரரைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார். இன்றைக்கும் அவர்கள் இரண்டு பேருக்கும் பெரிய பேச்சுவார்த்தை கிடையாது. பார்த்தால் நலம் விசாரிப்பார்கள், அத்தோடு சரி.

ஆனால் எந்த சேனலில் இந்தப் படத்தைப் போட்டாலும் அண்ணனிடமிருந்து எனக்குப் போன் வந்துவிடும். "போட்டிருக்கான், பாரு" என்பார். வைத்துவிடுவார். அவர் ஊரில், நான் இங்கே. கடைசிக் காட்சி முடிந்ததும் நான் திருப்பிக் கூப்பிடுவேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேச மாட்டோம். அப்புறம் அவர்தான் கேட்பார், "மாப்பிள்ளை சாப்பிட்டாரா?"

நன்றி, வணக்கம்.