சுவர் இருந்தால்தான் சித்திரம்

தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் அதிபர்மாரே, மழையையும் பாராமல் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்த பெரியோரே, தேநீருக்குப் பொறுப்பான தாய்மாரே, எல்லோருக்கும் என் வணக்கம். தலைவர் ஐயா இந்த மண்டபத்தை வாடகையில்லாமல் தந்திருக்கிறார், அதற்குத் தனியாக ஒரு நன்றி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கமெராவால் எடுத்த உருவப்படங்களில் வெளிச்சம், கை, பின்திரை என்ற மூன்றையும் பார்க்கப் பழகுவோம். வெளிச்சத்துக்கு, பிரித்தானியப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரூன் அம்மையார் போதும். 48 வயதில் கமெராவைத் தொட்டவர், இருட்டுக்குள்ளிருந்து ஒரு முகம் மட்டும் எழுந்து வருவதுபோல் படமெடுத்தார். 1875இல் நம் தீவுக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார்.

சரி, கைக்கு வருவோம். அப்போது கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் எடுக்க வேண்டும், பல விநாடிகள் அசையக் கூடாது. தலைக்குப் பின்னால் இரும்புத் தாங்கி இருக்கும், கைக்கு ஒரு புத்தகமோ கதிரையின் முதுகோ வேண்டும். படத்தின் அழகான கோடுகள் பல இந்த அவசியத்தில் பிறந்தவைதான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஆச்சி வீட்டில் அப்படியொரு படம் இருந்தது. பூட்டன் கதிரையில், மடியில் புத்தகம். பூட்டி பின்னால் நின்று அவர் தோளில் கை வைத்திருக்கிறார். காலடியில் ஒரு பையன், பாவம், பாதத்தை ஆட்டிவிட்டான், அது மட்டும் புகைபோல. பூட்டியின் முகத்தில் தொடங்கும் பார்வை கைவழியாகத் தோளுக்கு இறங்கி, புத்தகத்தைத் தொட்டு அந்தப் பாதத்தில் போய் நிற்கும். அப்புறம் வீட்டில் யாரோ, மாலை போடப் பெரிசாக்க வேண்டும் என்று ஒரு கடையில் கொடுத்தார்கள். கடைக்காரர் பூட்டனை மட்டும் முட்டை வடிவில் வெட்டியெடுத்து மிச்சத்தை எறிந்துவிட்டார்! இன்று சட்டத்துக்குள் அவர் தோளில் மூன்று விரல்கள். யாருடையவை என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள், ஆச்சி ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்கிறார்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். 83 யூலைக் கலவரத்தில் இந்தக் கொழும்பில் எத்தனை வீடுகளின் அல்பங்கள் எரிந்தன! மிஞ்சியவை அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடிக்கின்றன. பின்திரையைப் பற்றிப் பிறகு பேசலாம், படங்கள் இருந்தால்தானே பேச்சு. அதனால்தான் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு திரிகிறேன். அடுத்த ஞாயிறு காலை இதே மண்டபத்துக்கு உங்கள் படங்களைக் கொண்டு வாருங்கள், இலவசமாக ஸ்கான் செய்து கையோடு திருப்பித் தருவோம். வெட்டாதீர்கள், அட்டையிலிருந்து உரிக்காதீர்கள். அட்டையின் பின்புறத்தில் ஸ்கீன் என்றோ பிளாட்டே என்றோ அந்தக்காலப் படப்பிடிப்பு நிலையத்தின் பெயர் அச்சாகியிருக்கலாம், அதையும் எடுப்போம். படத்தில் இருப்பவர்களின் பெயர் தெரிந்த மூத்தவர் ஒருவரையும் கூட்டி வாருங்கள்.