வேக் தீவை எத்தனை நாள் பிடித்து வைக்கலாம்?

[திரையில்: பசிபிக் வரைபடம். மெல்ல நடுக்கடலை நோக்கி நெருங்குகிறது.]

வணக்கம். நடுவில் ஒரு புள்ளி இருக்கிறது, தெரிகிறதா? தெரியாவிட்டால் உங்கள் கண்ணில் குறையில்லை. வேக் தீவு அவ்வளவுதான். மூன்று மணல் துண்டுகள், அவற்றுக்கு நடுவே ஆழமில்லாத ஒரு லகூன், அதாவது கடல்நீர் ஏரி, எல்லாம் சேர்ந்து சுமார் ஏழு சதுர கிலோமீட்டர். ஊற்றுத் தண்ணீர் கிடையாது. தீவிலேயே உயரமான இடத்தில் ஏறி நின்றாலும் கடல் உங்களுக்கு ஆறேழு மீட்டர் கீழேதான் இருக்கும். ஹவாய் இங்கிருந்து 3,700 கிலோமீட்டர்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் கையிலிருந்து ஜப்பான் பறித்த இந்தப் புள்ளியை, ஒரு கணினிப் போர் விளையாட்டில் எப்படிக் காப்பது என்பதுதான் இன்றைய வீடியோ. விளையாட்டு, வார் இன் த பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன். மேட்ரிக்ஸ் கேம்ஸ் 2009இல் வெளியிட்டது. ஒரு டர்ன், அதாவது ஒரு முறை ஆடுவது, ஒரு நாள். ஒரு ஹெக்ஸ், அதாவது வரைபடத்தின் ஓர் அறுகோணக் கட்டம், 40 கடல் மைல். 1941 டிசம்பர் 7இல் தொடங்கி 1946 வரை முழுதாக ஆடினால் 1,500 டர்னைத் தாண்டும். மின்னஞ்சலில் ஃபைல் அனுப்பி ஆடுகிறவர்களுக்கு நிஜப் போரைவிட ஆட்டம் நீளும். நான் ஒரு நண்பரோடு தொடங்கிய ஆட்டம் நாலாவது வருடத்தில் இருக்கிறது. அதில் இப்போதுதான் 1943 பிறந்திருக்கிறது.

[திரையில்: வேக் தீவின் ஹெக்ஸ், படைப் பட்டியல்]

முதலில் அமெரிக்கா இருக்கும் நேசநாட்டுப் பக்கம் உட்காருவோம். தொடக்கத்தில் நிஜமாக என்ன இருந்தது? சுமார் 450 மரைன்கள், ஐந்து அங்குலக் கரையோரப் பீரங்கி ஆறு, வைல்ட்கேட் சண்டை விமானம் 12. இவை போக, விமானத்தளம் கட்ட வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேல். ரேடார் இல்லை. வேக் தேதிக்கோட்டுக்கு மேற்கே இருப்பதால் அங்கே டிசம்பர் 8. ஹவாயின் பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய செய்தி வந்த சில மணி நேரத்தில், மார்ஷல் தீவுகளின் ரோய் தளத்திலிருந்து 36 ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் மழைமேகத்துக்குள் மறைந்து வந்தன. கரையில் அலை அடிக்கும் இரைச்சலில் எஞ்சின் சத்தம் கேட்கவே இல்லை. நான்கு வைல்ட்கேட்டுகள் வானில் சுற்றிக்கொண்டிருந்தும் எதிரியைப் பார்க்கவில்லை. தரையில் நின்ற எட்டில் ஏழு எரிந்தன.

ஆனாலும் டிசம்பர் 11 அன்று நடந்தது வேறு கதை. ஜப்பானிய அட்மிரல் கஜியோகா, யூபரி என்ற குரூசர் போர்க்கப்பலில் ஏறி, தரையிறங்கும் படையோடு வந்தார். கரையில் மேஜர் டெவெரோ தன் பீரங்கிகளை வாயைத் திறக்க விடவில்லை. கப்பல்கள் சுட்டுக்கொண்டே நெருங்கி வந்தன, இவர்கள் பேசாமல் இருந்தார்கள். ஏறக்குறைய நான்கு கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான் உத்தரவு. ஹயாத்தே என்ற டெஸ்ட்ராயர் வகைப் போர்க்கப்பல் கரைப் பீரங்கியில் அடிபட்டு மூழ்கியது. கிசராகி என்ற இன்னொன்றை மிச்சமிருந்த வைல்ட்கேட்டுகள் குண்டு போட்டு முடித்தன. கஜியோகா வந்த வழியே திரும்பினார்.

இந்த இடத்தில் ஒரு வருத்தம். "கிட்டே வரட்டும், பிறகு சுடு" என்று சொல்லும் பொத்தான் விளையாட்டில் இல்லை. கரைப் பீரங்கி எப்போது, யாரைச் சுடும் என்பதைக் கணினிதான் தீர்மானிக்கும். டெவெரோவின் பொறுமையை நீங்கள் ஆட முடியாது. அந்தப் பொறுமைக்குப் பகடை நன்றாக விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளலாம்.

[திரையில்: வேக்கிலிருந்து மூன்று கோடுகள். மிட்வே, க்வாஜலின், ஹவாய்.]

சரி, இந்தக் கோடுகளைப் பாருங்கள். வேக்கிலிருந்து நம் பக்கத்துத் தளமான மிட்வே ஆயிரம் கடல் மைலுக்குச் சற்று மேல், அதாவது சுமார் 26 ஹெக்ஸ். மார்ஷல் தீவுகளில் எதிரியின் தளமான க்வாஜலின் அறுநூறு மைல்தான், 15 ஹெக்ஸ். ஜப்பானின் இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம் அங்கிருந்து தினமும் வந்து போகும். மிட்வேயிலிருந்து உங்கள் சண்டை விமானம் ஒன்றுகூட வேக்கை எட்டாது. புதியவர்கள் வேக்கை க்ளிக் செய்து படைப் பட்டியலைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் இந்தக் கோடுகளை முதலில் பார்க்கச் சொல்வேன். உதவி வருகிற தூரம், அடி வருகிற தூரத்தைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு. காவல்படை எவ்வளவு வீரமாக நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது.

நிஜத்திலும் அதுதான் நடந்தது. சரடோகா விமானந்தாங்கிக் கப்பலோடு, அட்மிரல் ஃபிளெட்சர் தலைமையில் ஒரு மீட்புப் படை கிளம்பியது. டேஞ்சியர் என்ற கப்பலில் ஆட்கள், வெடிபொருள், வேக்குக்கு இல்லாமல் போன ரேடார் எல்லாம் இருந்தன. கூடவே வந்த நெச்சஸ் என்ற எண்ணெய்க் கப்பலின் நடைதான் மொத்தப் படையின் நடை. பேர்ல் ஹார்பரை அடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த சோர்யு, ஹிர்யு என்ற இரண்டு ஜப்பானிய விமானந்தாங்கிகள் அதற்கு முன்பே வேக் பக்கம் திரும்பிவிட்டன. டிசம்பர் 22 அன்று கடைசி இரண்டு வைல்ட்கேட்டுகளும் போயின. 23 விடியும் முன் ஜப்பானியர் இரண்டு பழைய கப்பல்களை வேண்டுமென்றே பவளப்பாறையில் ஏற்றி ஆட்களை இறக்கினார்கள். சில நூறு மைல் தொலைவில் இருந்த சரடோகாவுக்குத் திரும்பி வரச்சொல்லி ஹவாயிலிருந்து உத்தரவு போனது. அன்றே, தீவின் தலைமைப் பொறுப்பில் இருந்த கமாண்டர் கன்னிங்ஹாம் சரணடைந்தார்.

ஃபிளெட்சரை இன்றும் திட்டுகிறவர்கள் உண்டு. உத்தரவு கொடுத்தது, அப்போது பசிபிக் கடற்படையைத் தற்காலிகமாகக் கவனித்துக்கொண்டிருந்த அட்மிரல் பை. என்னைக் கேட்டால் அவர் செய்தது சரி. ஆட்டத்தில் நான் இரண்டு முறை சரடோகாவை அனுப்பிப் பார்த்தேன். ஒரு முறை வேக் மூன்று வாரம் கூடுதலாக நின்றது. மறுமுறை சரடோகாவும் போனது, வேக்கும் போனது. மூன்று வாரத்துக்கு ஒரு விமானந்தாங்கி என்றால் விலை கட்டுப்படியாகாது.

அப்படியானால் நேசநாட்டு ஆட்டக்காரர் என்ன செய்யலாம்? வேக் போகப்போகிறது என்று ஏற்றுக்கொண்டு, போகும்போது எதிரியிடம் என்ன வாங்கலாம் என்று பாருங்கள். துறைமுகம், ரன்வே விரிவாக்கத்தை அணைத்துவிட்டு எல்லா உழைப்பையும் அரணுக்குத் திருப்புங்கள். அரண் நிலை 9 வரை போகும் என்றாலும் மேலே போகப்போக ஆமை வேகம்தான். சரக்கையும், அதாவது உணவு, வெடிபொருள் எல்லாம் சேர்ந்த இருப்பையும், தின்னும். ஒன்றிரண்டு நிலை ஏறினாலே பெரிய விஷயம். கடல் விமானம் கைவசம் இருந்தால் படைப்பிரிவின் ஒரு சிறு துண்டையாவது வெளியே கொண்டு வாருங்கள். விதை நெல் மாதிரி. துண்டு ஒன்று பிழைத்திருந்தால் பின்னாளில் ஆள் நிரப்பி முழுப் பிரிவாக்கலாம்.

இன்னொன்று உங்கள் பக்கம் இருக்கிறது. பவளத்தீவில் இறங்குகிற படை, இறங்கிய கையோடு முழு வேகத் தாக்குதலில் இறங்கியே ஆக வேண்டும், ஒதுங்கி மூச்சு வாங்க இடமில்லை. எதிரி கொஞ்சமாக அனுப்பினால் அங்கேயே நொறுங்குவான். அவன் இரண்டாவது முறை பெரிய படையோடு வருவான், அந்தக் கப்பல்கள் அத்தனை நாளும், ஜப்பான் அப்போது பிடிக்கப் பார்க்கும் ஜாவா பக்கம் இருக்காது. அதுதான் உங்கள் லாபம்.

[திரையில்: அதே தீவு, 1943. கொடி மாறியிருக்கிறது.]

இப்போது பக்கம் மாறி உட்காருங்கள். ஜப்பானியராக ஆடும்போதுதான் எனக்கு மூக்கு உடைந்தது. ஜப்பான் வேக்குக்கு ஓதோரிஷிமா என்று பெயர் வைத்தது, பெரிய பறவைத் தீவு என்று பொருள். அங்கே சுமார் 4,000 பேரைக் கொண்டுபோய் வைத்தது. அமெரிக்கா அதன் மேல் இறங்கவே இல்லை. குண்டு போட்டது, சரக்குக் கப்பலை மூழ்கடித்தது, பக்கத்து வழியாகப் போய்விட்டது.

முன்பு ஆடிய ஓர் ஆட்டத்தில் நானும் ஜப்பான் செய்த அதே தப்பைச் செய்தேன். அரண் நிலை 6, இரண்டு படைப்பிரிவு, பீரங்கி, பார்க்கவே அழகு. சிறிய தீவுகளுக்கு ஆள் வரம்பு இருக்கிறது. மிகச் சிறியவற்றுக்கு 6,000. அதைத் தாண்டினால் சரக்கு கன்னாபின்னாவென்று கரையும். நான் தாண்டியிருந்தேன். 1943 இறுதியில் சரக்கு எண் சிவப்பானது. சரக்குக் கப்பல் அனுப்பினால் அவர்களுடைய நீர்மூழ்கி காத்திருந்தது. நான் நீர்மூழ்கியில் அனுப்பியது யானைப்பசிக்குச் சோளப்பொரி. சரக்கு இல்லாத படை பட்டியலில் அப்படியே இருக்கும், சண்டை என்று வந்தால் பாதி பலம்கூடத் தேறாது. எதிரி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நல்ல இரண்டு படைப்பிரிவு, மரியானா தீவுகளைக் காக்கத் தேவைப்பட்ட நேரத்தில், நடுக்கடலில் சும்மா உட்கார்ந்திருந்தது.

நிஜ வேக்கில் எண் சிவப்பானதோடு நிற்கவில்லை. அந்தத் தீவில் மட்டுமே வாழ்ந்த, பறக்கத் தெரியாத ஒரு சிறு பறவை இருந்தது. பசித்த காவல்படை அதைத் தின்றே தீர்த்தது, இனமே அழிந்தது. 1943 அக்டோபரில் பெரிய விமானத் தாக்குதல் நடந்தபோது, அடுத்தது தரையிறக்கம்தான் என்று தளபதி சகாய்பாரா தவறாகக் கணித்து, தன்னிடம் இருந்த 98 அமெரிக்கத் தொழிலாளர்களைக் கொல்ல உத்தரவிட்டார். பின்பு அதற்காகத் தூக்கிலிடப்பட்டார். விளையாட்டில் இதற்கெல்லாம் கணக்கு இல்லை. 1945 கோடையில் தகாசாகோ மாரு என்ற மருத்துவமனைக் கப்பல் ஏறக்குறைய ஆயிரம் நோயாளிகளை ஏற்றிச் செல்ல அமெரிக்கா வழிவிட்டது. மிச்சம் இருந்தவர்கள் செப்டம்பர் 4 அன்று சரணடைந்தார்கள்.

[திரையில்: என் தற்போதைய ஆட்டம், வேக் ஹெக்ஸ்]

இப்போது நடக்கிற ஆட்டத்தில் நான் வைத்திருப்பது இதுதான். ஒரு பட்டாலியன், ஒரு கரைப் பீரங்கிப் பிரிவு, விமானங்களைக் கவனிக்க ஒரு சிறு தளப் பிரிவு. கடல் தேடலுக்குச் சில மிதவை விமானங்கள், வேறு விமானம் எதுவும் நிரந்தரமாக இல்லை. பெரிய படையெடுப்பு வந்தால் க்வாஜலினிலிருந்து பறந்து வரும், வேலை முடிந்ததும் திரும்பிவிடும். தரையில் நிறுத்தி எரியவிட மாட்டேன். ஆள் குறைவு என்பதால் சரக்கு ஆறு மாதத்துக்கு மேல் தாங்கும், அது நான்கு மாதமாகக் குறைந்தால் அடுத்த கப்பலைக் கிளப்புகிறேன். கண்ணிவெடியும் போட்டிருந்தேன். பராமரிக்கும் கப்பல் பக்கத்தில் இல்லாவிட்டால் அது தானாகவே கரைந்துவிடும் என்பதை மறந்து போட்டேன். இப்போது பாதிதான் மிச்சம்.

நண்பர் நேற்று ஃபைல் அனுப்பியிருக்கிறார். வேக்குக்குக் கிழக்கே 12 ஹெக்ஸ் தள்ளி ஏதோ ஒரு கப்பற்படையை மிதவை விமானம் பார்த்திருக்கிறது. விமானந்தாங்கியா, வெறும் எண்ணெய்க் கப்பலா என்று அறிக்கையில் தெளிவாக இல்லை. டர்னை ஓட்டிப் பார்ப்போம்.