பச்சையை விடுங்கள், பல்லைப் பாருங்கள்

நண்பர்களே, ‘வெயிலைத் தின்று வாழும் நத்தை’ என்று ஒரு பச்சைப் படம் சுற்றுகிறதே, உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இலை போல விரிந்த உடல், தலையில் இரண்டு கொம்பு. எல்லோரும் அந்தப் பச்சையைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதன் பல்.

இந்தக் கடல் நத்தைக் கூட்டத்துக்குப் பெயர் சாக்கோகுளோசா, ‘பை நாக்கு’ என்று பொருள். சுமார் 300 இனங்கள். மற்ற பெரும்பாலான நத்தைகளின் நாக்கில் பற்கள் பல வரிசையாக அரம் போல இருக்கும், சுரண்டித் தின்னும். இவற்றுக்கு ஒரே வரிசை, அதிலும் முன்னால் நிற்கும் ஒரு பல்தான் வேலை செய்யும்; பாசியின் செல்சுவரைக் குத்திக் கிழித்து உள்ளே இருக்கும் சாற்றை உறிஞ்சிவிடும். தேய்ந்த பற்கள் பல இனங்களில் வெளியே விழுவதில்லை, ஒரு சின்னப் பைக்குள் சேர்ந்துகொண்டே போகும், பெயர் வந்தது அதனால்தான். காலெர்ப்பா என்ற பாசி செடி போல நீளமாக வளர்ந்தாலும் மொத்தமும் ஒரே செல், அதனால் ஒரு குத்துக்கே தாராளமாகச் சாறு கிடைக்கும். பாசியை விட்டுவிட்டு மற்ற நத்தைகளின் முட்டையை உறிஞ்சும் இனங்களும் சில உண்டு.

உருவம்? சிலவற்றுக்கு ஓடு உண்டு, பலவற்றுக்கு இல்லை, சிலவற்றுக்குச் சிப்பி போல இரண்டு ஓடு! வெறும் ஓட்டை வைத்து அவற்றைச் சிப்பி என்றே நினைத்திருந்தார்கள். 1959-ல் ஜப்பானில் உயிரோடு கிடைத்தபோதுதான் உள்ளே ஊர்வது நத்தை என்று தெரிந்தது.

சரி, பச்சைக்கு வருவோம். பாசிச் சாற்றோடு உறிஞ்சிய பசுங்கணிகங்களை, அதாவது வெயிலில் உணவு தயாரிக்கும் பச்சைத் துகள்களை, செரிக்காமல் சில இனங்கள் தம் செல்லுக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன. வட அமெரிக்கக் கிழக்குக் கரையின் எலீசியா குளோரோட்டிகா அப்படிப் பல மாதம் சாப்பிடாமல் வாழும். ஆனால் அதை வைத்து எல்லாம் செடியாகிவிட்டன என்று சொல்லிவிடக் கூடாது. 2014-ல் வேறு இரண்டு இனங்களை இருட்டில் வைத்துப் பார்த்தார்கள், அவை பட்டினியாக அங்கேயும் நெடுநாள் பிழைத்தன. அப்படியானால் பசுங்கணிகம் வெறும் சேமிப்பு உணவா? அப்படியும் முடித்துவிட முடியாது, எலீசியா டிமிடாவில் ஒளிச்சேர்க்கை முட்டையிடுவதற்கு உதவுகிறது என்று 2021-ல் காட்டினார்கள்.

அதே 2021-ல் ஜப்பானின் நாரா மகளிர் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த செய்திதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. எலீசியா மார்ஜினேட்டா தன் தலையைத் தானே உடலில் இருந்து அறுத்துக்கொள்கிறது. இதயம் உடலின் பக்கம் போய்விடுகிறது. உடல் கொஞ்ச காலம் அசைந்து கிடக்கும், ஆனால் அதில் புதுத் தலை முளைப்பதில்லை. தலையோ, இளம் நத்தையாக இருந்தால், மூன்று வாரத்தில் முழு உடலையும் வளர்த்துக்கொள்கிறது. அந்த மூன்று வாரம் சும்மாவும் இருப்பதில்லை. பல் தலையில்தானே இருக்கிறது, அறுந்த சில மணி நேரத்திலேயே, இதயம் இல்லாத அந்தத் தலை ஊர்ந்துபோய்ப் பாசியைத் தின்னத் தொடங்கிவிடுகிறது.